வண்ணப் பெட்டி வந்த வழி

ஓவியம் பயிலப் புகும் ஒருவர் முதன்முதலாகச் செய்யும் காரியம் ஓவியம் வரைவதன்று, கடைக்குச் செல்வதே. அங்கே பன்னிரண்டு குழல், இருபத்துநான்கு குழல், நாற்பத்தெட்டுக் குழல் என்று பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருபுறம் எண்ணெய் வண்ணம். மறுபுறம் அக்ரிலிக் வண்ணம். தூரிகைகளோ தட்டை, உருண்டை, விசிறி எனப் பலவகை. மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறை தொடங்கியதும் குழந்தைகளை ஓவிய வகுப்பிற் சேர்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பெற்றோரும், பிள்ளையின் ஆர்வத்திற்குக் குறை வைக்கலாகாது என்னும் நல்லெண்ணத்தால், உள்ளவற்றுட் பெரிய பெட்டியையே வாங்கித் தருகின்றனர். அடுத்த ஆண்டு அப்பெட்டியைத் திறந்து பார்த்தால் வெள்ளைக் குழல் ஒன்றே தீர்ந்திருக்கும். எஞ்சியவற்றிற் பாதி மூடி திறவாமலே கிடக்கும்.

எதை வாங்குவது என்ற வினாவிற்குக் கடைக்காரர் தரும் விடை ஒன்று. வரலாறு தரும் விடை மற்றொன்று. அப்பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொருளும் நெடுந்தொலைவு கடந்து வந்தது. சில பொருள்கள் நம் நாட்டிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து மீண்டும் நம்மிடமே வந்தவை. சில பொருள்களைப் பற்றிய அறிவு ஒரு காலத்தில் நம்மவருக்கு நம்மவராலேயே மறுக்கப்பட்டது. அக்கதையைச் சிறிது அறிந்து கொண்டால், எது இன்றியமையாதது, எது வெறும் அலங்காரம் என்பது தானே விளங்கும்.

தமிழர்க்கு வண்ணமும் தூரிகையும் புதியன அல்ல. நற்றிணைப் புலவர் ஒருவர் பாதிரிப் பூவைக் காணும்போது ஓவியர் அரக்கில் தோய்த்தெடுத்த தூரிகையை நினைக்கின்றார். துகிலிகை என்பது அதற்கு அவர் வழங்கும் பெயர். சித்தன்னவாசற் குகையிலும், தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றிலும் நம் முன்னோர் தீட்டிய சித்திரங்கள் இன்றும் உள்ளன. தஞ்சையிற் பிற்காலப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் இத்தகைய சுவரோவியங்களின் பொருள்களைப் பகுத்தாராய்ந்தார். பெரும்பாலும் அவை சுண்ணாம்பு, கரி, காவி மண், மஞ்சள் மண் முதலியனவே. வண்ணக் கடை என்று ஒன்று இல்லாத காலம் அது. ஓவியனே மண்ணைத் தோண்டினான், அரைத்தான், வடித்தான், பசை சேர்த்தான். ஆகவே எந்த வண்ணம் எதனாலாயது என்பதை அவன் கண்கட்டினும் சொல்லியிருப்பான். இன்று குழல் வாங்குகிற நமக்கு அந்த அறிவு இல்லை. அதுவே நம் தடுமாற்றத்திற்கு முதற் காரணம்.

வண்ணங்களின் எண்ணிக்கை பெருகினால் ஓவியம் சிறக்குமா என்ற வழக்கு மிகப் பழமையானது. கி.பி. 79-இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, அப்பெலிஸ் முதலிய கிரேக்கப் பேரோவியர் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கே வண்ணங்களைக் கொண்டு அழியாப் புகழ் பெற்றனர் என எழுதினார். தம் காலத்திலோ இந்தியா தன் ஆறுகளின் சேற்றையும் பாம்பு, யானை இவற்றின் குருதியையும் அனுப்பி வைத்தும் மேன்மையான ஓவியம் ஒன்றேனும் இல்லையே என்று அவர் குறைபட்டுக் கொள்கின்றார். ஆற்றுச் சேறு என்று அவர் கருதியது வேறொன்றுமன்று, நம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலமே. நாணலில் ஒட்டிய நுரைச் சேறு அது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கின்றனர்! முசிறித் துறையையும் மதுரைப் பாண்டியனையும் பற்றி எழுதியவருக்கு நீலம் விளையும் விதம் மட்டும் தெரியவில்லை. பொருளை அறியாமல் வண்ணம் வாங்கும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி எண்ணெய் வண்ணத்திற்கு வருவோம். வண்ணப் பொடியை எண்ணெயில் குழைத்தால் எண்ணெய் வண்ணம் ஆகிவிடும் என்று எண்ணுதல் தவறு. நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ குழைத்துப் பூசினால் ஆண்டுக் கணக்கில் ஆனாலும் அது பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஆளிவிதை, அக்ரோட்டு, கசகசா ஆகியவற்றின் எண்ணெய்களுக்கே காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு இறுகும் இயல்பு உண்டு. தண்ணீர் ஆவியாகி உலர்வது போன்றதன்று அது. எண்ணெய் தானே உருமாறித் தோல் போல் ஆகின்றது. இதனை முதன்முதற் கண்டவர் பதினைந்தாம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டில் வாழ்ந்த யான் வான் ஐக் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். அவர் அக்கலையை உச்சத்திற்குக் கொண்டு சென்றவரே அன்றி, அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் மலைக் குகைகளில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தச் சுவரோவியங்களிலேயே இவ்வகை எண்ணெய் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனவே எண்ணெய் வண்ணத்தை மேனாட்டார் தனிச் சொத்து எனக் கருத வேண்டுவதில்லை.

ஆயினும் இந்நாட்டில் அது நிலைபெற்றது ஐரோப்பியர் வழியாகவே. 1769-இல் டில்லி கெட்டில் என்னும் ஆங்கில ஓவியர் சென்னைத் துறையில் வந்து இறங்கினார். தொழிலாக ஓவியம் தீட்டுவதற்கென்று இந்தியா வந்த பிரிட்டிஷ் ஓவியருள் பெயர் பெற்றவர்களில் முதல்வர் அவர். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் உருவத்தை 1770-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவரைத் தொடர்ந்து வில்லிசன், சோபனி, தானியேல் குடும்பத்தார், ஹிக்கி என ஒருவர்பின் ஒருவராக வந்தனர். நவாபுகளும் மன்னர்களும் தங்கள் உருவத்தைத் திரையிற் கண்டு வியந்தனர். நம் ஓவியர்களோ அந்த வண்ணத்தின் ஒளியையும் ஆழத்தையும் கண்டு வியந்தனர். அது எதனால் ஆனது என்பது மட்டும் அவர்களுக்கு எளிதிற் புலப்படவில்லை.

அக்காலத்து ஓவியர் வண்ணத்தை எவ்வாறு எடுத்துச் சென்றனர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எண்ணெயிற் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து நூலால் கட்டி வைப்பார்கள். வேண்டும்போது ஓர் ஆணியால் துளையிட்டுப் பிதுக்கிக் கொள்வார்கள். ஒருமுறை துளையிட்டால் அதைச் செம்மையாக மூட இயலாது. காற்றுப் புகுந்து வண்ணம் இறுகும். சில சமயம் பையே வெடித்துச் சிதறும். இந்த நிலையை மாற்றியவர் ஜான் காப் ராண்ட் என்னும் அமெரிக்க உருவப்பட ஓவியர். இலண்டனில் வாழ்ந்தபோது, ஈயம் போன்ற மெல்லிய வெள்ளீயத் தகட்டால் அமுக்கக்கூடிய குழல் ஒன்றைச் செய்து, 1841-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1832-இல் இலண்டனில் தோன்றிய வின்சர் அண்ட் நியூட்டன் முதலிய வண்ண வணிகர்கள் குழல்களிலே வண்ணம் அடைத்து விற்கத் தொடங்கினர். பற்பசைக் குழலைக் காலையில் கையில் எடுக்கும் நாம் அதன் மூதாதை ஓவியனுடைய குழல் என்பதை நினைப்பதில்லை. மாதக்கணக்கிற் கப்பலிற் பயணம் செய்து, சென்னையின் வெயிலில் இறங்கிய பின்னரும் வண்ணம் கெடாமல் இருந்தது குழலால்தான். திருவனந்தபுரத்திற்கும் அது அவ்வாறே வந்து சேர்ந்தது.

1862-ஆம் ஆண்டு, கிளிமானூரில் பிறந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் மாமன் இராஜராஜ வர்மா திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளின் அரண்மனைக்கு அழைத்து வந்தார். அச்சிறுவனே பின்னாளில் இரவிவர்மா எனப் பெயர் விளங்கியவன். அவனுடைய ஓவியக் கல்வியில் தமிழ்நாட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. சுவாதித் திருநாள் காலத்தில் அரண்மனை ஓவியராக விளங்கிய அழகிரி நாயுடு மதுரையைச் சேர்ந்தவர். மாமன் இராஜராஜ வர்மா அவரிடம் பயின்றவர். சிறுவன் வந்து சேர்ந்தபோது அரண்மனையில் இராமசாமி நாயுடு இருந்தார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் அறிந்தவர் அங்கே அவர் ஒருவரே. எந்த எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது, திரைச்சீலையை எவ்வாறு பதப்படுத்துவது, எந்த வண்ணத்தின்மேல் எதைப் பூசுவது என்பனவெல்லாம் அவருடைய கைச் சரக்கு. சிறுவன் கேட்டான், நாயுடு மறுத்துவிட்டார்.

நாயுடுவைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. அரண்மனையை நம்பி வாழும் ஒரு தொழிலாளிக்கு அவனுடைய இரகசியமே வயல், அதுவே வீடு. மன்னருக்கு உறவான ஒரு பிள்ளை அதைக் கற்றுக் கொண்டால், நாளை அரண்மனைக்கு நாயுடு எதற்கு? அவருடைய அச்சம் பொருளற்றதன்று என்பதைப் பின்வந்த வரலாறும் காட்டியது. ஆயினும் அங்கே மற்றொருவர் இருந்தார். அவர் ஆறுமுகம் பிள்ளை. நாயுடுவிடம் தொழில் கற்று வந்த மாணவர். ஆசிரியர் அறியாமல், இரவு வேளைகளில் இரவிவர்மாவிடம் வந்து தாம் அறிந்தவற்றை அவர் சொல்லிக் கொடுத்தார் என்று இரவிவர்மாவின் வரலாற்றை எழுதினோர் கூறுவர். ஆசிரியரின் சினத்திற்கு ஆளானால் அவர் பிழைப்புப் போய்விடும். அவ்வாறிருந்தும் வந்தார்.

1868-இல் தியடோர் ஜென்சன் என்னும் ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். டென்மார்க்கிற் பிறந்து இங்கிலாந்தில் தொழில் நடத்தியவர் அவர். மன்னர் கேட்டுக் கொண்ட பின்னரும், தாம் தீட்டும்போது அருகில் நின்று பார்க்கலாம் என்ற அளவிலேயே இரவிவர்மாவிற்கு அவர் இடங்கொடுத்தார். கற்பிக்க அவரும் இசையவில்லை. பார்த்தும், கெடுத்தும், மீண்டும் தீட்டியுமே அவ்விளைஞர் கற்றுக் கொண்டார். 1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவருடைய படம் தங்கப் பதக்கம் பெற்றது. 1894-இல் நம் பம்பாயில் அவர் கல்லச்சுக் கூடம் நிறுவினார். அது பின்னர் லோனாவ்லாவை அடுத்த மலவ்லிக்கு மாறியது. அங்கே அச்சான இலக்குமியும் சரசுவதியும் நாடெங்கும் பூசையறைகளிற் புகுந்த செய்தியை யாவரும் அறிவர்.

பெட்டியைத் திறந்து குழல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நீலத்தை எடுத்துக்கொள்க. அல்ட்ராமரீன் என்ற சொல்லுக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பது பொருள். ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷான் மலையில் வெட்டியெடுத்த இராசவர்த்தக் கல்லை அரைத்து ஐரோப்பியர் அதைச் செய்தனர். பொன்னோடு ஒப்பிடத்தக்க விலை. புரவலன் பணம் தந்தால் மட்டுமே ஓவியன் அதைத் தொடுவான். 1824-இல் பிரான்சு நாட்டுத் தொழில் ஊக்கச் சங்கம், அதனைச் செயற்கையாகச் செய்வோருக்கு 6,000 பிராங்கு பரிசு என அறிவித்தது. கிமே என்பவர் செய்து காட்டி 1828-இல் அப்பரிசைப் பெற்றார். அன்றிலிருந்து நீலம் மலிந்தது. எவ்வளவு மலிந்தது என்றால், நம் தாய்மார் வெள்ளை வேட்டிக்குப் போட்ட சலவை நீலப்பொடியும் அந்தச் செயற்கை அல்ட்ராமரீனே. அரசர் கிரீடத்திற்கு ஒப்பான பொருள் வண்ணான் தொட்டிக்கு வந்த கதை இது. குழலின் பின்புறம் பி.பி. 29 என்னும் குறி இருந்தால் உள்ளே இருப்பது அதுவே.

மஞ்சளுக்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. இந்திய மஞ்சள் என்று ஐரோப்பிய ஓவியர் போற்றிய வண்ணம், பீகாரில் மோங்கீர் நகரை அடுத்த இடத்தில், மாவிலை தின்ற பசுக்களின் சிறுநீரைக் காய்ச்சி எடுக்கப்பட்டது. திரைலோக்யநாத் முகோபாத்யாயர் நேரிற் சென்று பார்த்து, 1883-இல் இலண்டன் கலைச் சங்கத்திற்கு எழுதினார். இதனைப் பலர் வெறுங்கதை எனத் தள்ளினர். அண்மைக் கால இரசாயன ஆய்வு அவர் சொன்னதற்கே வலுவூட்டியிருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வண்ணம் சந்தையிலிருந்து மறைந்தது. இன்று அப்பெயர் பொறித்த குழலில் இருப்பது வேறு பொருள். பெயரைக் கண்டு வாங்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பெயருக்குப் பின் ஹ்யூ என்னும் சொல் அச்சிடப்பட்டிருந்தால், அந்த நிறத்தைப் போன்ற மாற்றுப் பொருள் உள்ளே இருக்கின்றது என்பது கருத்து. தொடக்கநிலை மாணவர்க்கு அது பெருங்குற்றமன்று. ஆனால் அறிந்து வாங்க வேண்டும்.

வெள்ளையின் கதையே எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. இரவிவர்மாவின் காலத்தில் எண்ணெய் ஓவியர்க்குக் கிடைத்தவை ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையுமே. ஈய வெள்ளை அழகியது, விரைந்து உலர்வது, ஆனால் நஞ்சு. இன்று எல்லாப் பெட்டியிலும் உள்ள டைட்டேனிய வெள்ளை, முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிலாக எழுந்தது. அதற்கு மூலப்பொருள் இல்மனைட் என்னும் கருமணல். அம்மணல் எங்கே குவிந்து கிடந்தது? சவராவிலிருந்து மணவாளக்குறிச்சி வரை, திருவிதாங்கூர்க் கடற்கரையில். இரவிவர்மா 1906-இல் மறைந்தார். 1909-இல் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அக்கடற்கரை மணலின் மதிப்பைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்குச் சென்ற இல்மனைட்டின் பெரும்பகுதி அங்கிருந்தே கப்பலேறியது. மணவாளக்குறிச்சி 1956-இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்துடன் இணைந்தது. நஞ்சில்லா வெள்ளை தம் காலடி மணலிலேயே கிடக்க, ஈய வெள்ளையைக் கடல் கடந்து வருவித்த காலம் அவருடையது.

எண்ணெயின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆளிவிதையை வடவர் அல்ஸி என்பர், மராட்டியர் ஜவஸ் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிற்கு ஆளிவிதை ஏற்றுமதி செய்த நாடுகளுள் இந்தியா முன்னணியில் நின்றது. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகச் சென்ற விதை, அங்கே எண்ணெயாகி வண்ணப் பொடியோடு குழைந்து, குழலில் அடைபட்டு, பல மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கும்.

இந்நிலையைக் கண்டு இரு வகையில் நம்மவர் எதிர்நின்றனர். ஒன்று துறத்தல். கல்கத்தாக் கலைக் கல்லூரியில் எண்ணெய் ஓவியம் பயின்று உருவப்படம் தீட்டிப் பொருளீட்டிய யாமினி ராய், 1920-களில் அவ்வழியை விட்டார். மண்ணும் கல்லும் அரைத்த பொடி, புளியங்கொட்டைப் பசை, துணி, பாய் இவற்றைக் கொண்டு கிராமத்துப் பட ஓவியர் முறைக்குச் சென்றார். மற்றொன்று ஆக்கல். 1931-இல் இந்தப் பம்பாயில் தாண்டேகர் சகோதரர் இருவர் மைத்தூள் செய்து விற்கும் சிறுதொழில் தொடங்கினர். ஒட்டக முத்திரை மையால் அது காம்லின் எனப் பெயர் பெற்றது. பின்னர் ஓவிய வண்ணங்களும் செய்யலாயிற்று. நம் பள்ளிப் பிள்ளைகள் கையில் உள்நாட்டுக் குழல் கிடைத்ததற்கு அத்தொழில் பெரிதும் காரணம். 2011-இல் ஜப்பானியக் கொக்குயோ நிறுவனம் அதில் பெரும்பங்கு வாங்கியது. இவ்விரு வழிகளில் எது சிறந்தது என்று வாதிடுவோர் உண்டு. கலைஞனுக்கு முதல் வழி பொருந்தலாம். கற்கும் குழந்தைக்கு இரண்டாவதே உதவியது என்பது என் கருத்து. வண்ணம் வாங்கும் செலவு ஓவியரை எவ்வளவு அழுத்தியது என்பதற்குச் சென்னையை அடுத்த சோழமண்டலமும் சான்று கூறும். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் அங்கே குடியேறிய ஓவியர், பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டே தங்கள் ஓவியத்தை வளர்த்தனர்.

அக்ரிலிக் வண்ணம் இக்கதையில் கடைக்குட்டி. ஜெர்மானியர் ஆட்டோ ரோம் 1901-இல் இப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சியால் பட்டம் பெற்றார். அது முதலிற் கண்ணாடிக்கு மாற்றான பலகையாகவும் பின்னர் வீட்டுச் சுவர்ப் பூச்சாகவும் பயன்பட்டது. மெக்சிகோவின் சுவரோவியர் சிக்கேரோஸ், விரைந்து உலரும் தொழிற்சாலை வண்ணங்களைத் தேடி 1936-இல் நியூயார்க்கில் ஒரு பயிற்சிக்கூடமே நடத்தினார். 1955-இல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரால், தண்ணீரிற் கரையும் ஓவிய அக்ரிலிக் விற்பனைக்கு வந்தது. 1963-இல் இங்கிலாந்தில் ரௌனி நிறுவனத்தார் கிரைலா என்னும் வண்ணத்தை வெளியிட்டனர். இந்தியாவில் அது பெருவழக்காகச் சில பத்தாண்டுகள் சென்றன. மும்பையில் வாழ்ந்த தையப் மேத்தாவின் புகழ்பெற்ற மகிஷாசுரன், 1997-இல் அக்ரிலிக்கில் தீட்டியதே. எண்ணெய்தான் பெரியோர் வண்ணம், அக்ரிலிக் பிள்ளை விளையாட்டு என்று சொல்வோருக்கு அந்தப் படம் ஒன்றே விடை.

இனிக் கடைக்குச் செல்லலாம். எண்ணெயோ அக்ரிலிக்கோ, வண்ணம் ஆறு போதும்: டைட்டேனிய வெள்ளை பெரிய குழலாக ஒன்று, மஞ்சள் மண் வண்ணம், தெளிந்த மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், சுட்ட சியன்னா என்னும் பழுப்பு ஆகியவை சிறு குழலாக ஒவ்வொன்று. கறுப்பு வேண்டுவதில்லை, நீலமும் பழுப்பும் கலந்தால் அதனினும் உயிருள்ள கருமை வரும். பச்சையையும் ஊதாவையும் கலந்து செய்யக் கற்பதே முதல் ஆண்டின் பாடம். சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் சோர்ன் மஞ்சள் மண், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என நான்கைக் கொண்டே மனிதர் முகத்தை உயிரோடு தீட்டினார். எண்ணிக்கையிற் செலவிடும் பணத்தைத் தரத்திற் செலவிடுதல் நன்று. மாணவர் வகை வண்ணத்தில் நிறப்பொடி குறைவு, நிரப்புப் பொருள் மிகுதி. ஆயினும் பயிற்சிக்கு அது தகும். வெள்ளையையாவது நல்லதாக வாங்குக.

தூரிகை மூன்று போதும்: அகலத் தட்டை ஒன்று, நடுத்தரத் தட்டை ஒன்று, உருண்டை ஒன்று. எண்ணெய் வண்ணத்திற்கு விறைப்பான பன்றி மயிர்த் தூரிகை ஏற்றது. அக்ரிலிக்கிற்கு நைலான் போன்ற செயற்கை இழை. கீரி மயிர்த் தூரிகை என்று எவரேனும் பெருமையாக எடுத்துக் காட்டினால் வாங்க வேண்டா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அவ்வாணிபம் குற்றம்; அத்தூரிகைகளுக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. திரைச்சீலை பருத்தியே போதும், ஆனால் வெள்ளைப் பூச்சிட்டதாக இருத்தல் வேண்டும். பூச்சில்லாத துணியில் ஆளிவிதை எண்ணெய் இறங்கினால் நாளடைவில் நூல் இற்றுப் போகும். தொடக்கத்திற்குப் பூச்சிட்ட அட்டையும் தடித்த தாளும் திரையினும் மேல். கெட்டாலும் மனம் கலங்காது.

எண்ணெயா அக்ரிலிக்கா என்பது வீட்டைப் பொறுத்தது. எண்ணெய் வண்ணம் தொடுவதற்கு உலரவே நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். இன்று தீட்டியதை நாளையும் திருத்தலாம் என்பது அதன் பெருமை. ஆனால் டர்ப்பன்டைன் நெடி அறையிற் சூழும். இரண்டு அறைக் குடியிருப்பில், சாளரம் மூடிய மழைக்காலத்தில், கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைத் தொடங்குதல் ஏற்றதன்று. மழைக்கால ஈரத்தில் திரையிற் பூசணமும் படரும். அக்ரிலிக் சில நிமிடங்களில் உலரும், தண்ணீரே போதும். உலரும்போது நிறம் சற்றுக் கருக்கும் என்பதை மட்டும் முதலிலேயே அறிந்து கொள்க. அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்து வரும். எண்ணெயிலேயே அடுக்கடுக்காகத் தீட்டும்போது கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் மேற்பூச்சு வெடிக்கும். இராமசாமி நாயுடு மறைத்து வைத்தவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

அக்ரிலிக் தூரிகையை வேலை முடியும்வரை தண்ணீரை விட்டு எடுத்து உலர விடலாகாது. உலர்ந்தால் அது தூரிகை அன்று, குச்சி. எண்ணெய் வண்ணத்தில் வேறொரு எச்சரிக்கை உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறிந்தால், பிராணவாயுவை உட்கொள்ளும் அதே வினையால் சூடேறி, நெருப்பு வைப்பாரின்றியே பற்றிக்கொள்ளும். கந்தலை விரித்துத் திறந்த வெளியில் உலர்த்துக. அல்லது தண்ணீர் நிறைத்த தகரத்தில் இட்டு மூடி வைக்க.